பாதிப் பெட்டி சோறு: குறைந்த செலவில் பெந்தோ கட்டும் முறை

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நாம் கட்டிக்கொடுக்கும் மதிய உணவு டப்பாவை ஒரு நாள் மூடும் முன் நின்று பார்த்தால், பெரும்பாலும் டப்பா நிறையச் சாதமும் ஓரத்தில் இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு வறுவலும்தான் கண்ணில் படும். திங்கட்கிழமை எலுமிச்சை சாதம், செவ்வாய்க்கிழமை தக்காளி சாதம் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும், உடலுக்குள் போவது ஏறத்தாழ ஒன்றே. எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் கட்டி அனுப்பினேன். ஜப்பானியரின் பெந்தோ முறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஒரு பெட்டிக்குள் எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கணக்கை. சமைப்பது இன்றும் நம் பொரியலும் சுண்டலும்தான். ஆனால் அந்தக் கணக்கு கைக்குப் பழகிய பிறகு சாப்பாட்டில் சத்தும் கூடியது, மாதச் செலவும் கட்டுக்குள் வந்தது.

பெந்தோ என்பது ஒருவருக்கு ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரே பெட்டியில் அடுக்கி எடுத்துச் செல்லும் உணவு. நாடகத்தின் இடைவேளையில் உண்பதற்காக ஜப்பானின் எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) வழக்கத்துக்கு வந்த மகுனோஉச்சி, ரயில் நிலையங்களில் விற்கும் எகிபென் என்று அதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மிக எளியது, வெள்ளைச் சோற்றின் நடுவே ஒரே ஒரு உமெபோஷியை வைத்துக் கட்டும் ஹினோமாரு பெந்தோ. உப்பிலிட்டு வெயிலில் காயவைத்த அந்தப் புளிப்புக் காய்க்கும், நம் கட்டுச்சோற்றில் சேரும் புளிக்காய்ச்சலுக்கும் வேலை ஒன்றே: புளிப்பும் உப்பும் சோறு கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன. ஆகவே இந்த முறை நமக்கு அந்நியமானது என்று எண்ணத் தேவையில்லை.

பெட்டியை அளந்துகொள்ளுங்கள்

புதிய பெட்டி எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் டப்பாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை அளவுக்கோடு போட்ட குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஜப்பானில் வழங்கும் கைக்கணக்கு ஒன்றின்படி, பெட்டியைச் சரியான விகிதத்தில் இடைவெளி இல்லாமல் நிரப்பினால், அதன் கொள்ளளவு எத்தனை மில்லிலிட்டரோ ஏறத்தாழ அத்தனை கிலோகலோரி அந்த உணவில் கிடைக்கும். அதாவது 600 மி.லி. பெட்டிக்குச் சுமார் 600 கிலோகலோரி. எண்ணெயில் பொரித்தவற்றை நிறைய வைத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. எங்கள் வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்கு 600 மி.லி. டப்பாவும், அலுவலகம் செல்லும் கணவருக்கு 800 மி.லி. டப்பாவும் சரியாக இருக்கின்றன. இதற்கு முன் மகளுக்குக் கொடுத்தனுப்பிய டப்பாவை அளந்தபோது அது 900 மி.லி. இருந்தது, அவள் தினமும் மிச்சம் வைத்ததற்காக அவளைக் கடிந்துகொண்டது தவறு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அறை அறையாகப் பிரித்த பெட்டிகள் இப்போது எல்லாப் பாத்திரக் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்குவதானால் எவர்சில்வரில், மூடியில் ரப்பர் வளையம் வைத்ததாக வாங்குவது நல்லது. வாங்க இயலாதவர்கள் பழைய டப்பாவுக்குள் இரண்டு சிறு கிண்ணங்களை வைத்தாலே போதும். வாழை இலையை அடுப்புத் தணலில் வாட்டினால் அது கிழியாமல் மடங்கும். இரண்டு விரல் அகலத்துக்கு அதைக் கீறிச் சோற்றுக்கும் பொரியலுக்கும் நடுவே தடுப்பாக நிறுத்தலாம். ஜப்பானியரும் முன்பு இலையைத்தான் தடுப்பாக வைத்தனர். இன்று அங்கே பெட்டிக்குள் காணப்படும் பச்சை நிற பிளாஸ்டிக் புல், அந்த இலைக்கு மாற்றாக வந்ததுதான். அலுமினிய டப்பாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புளி, எலுமிச்சை, தயிர் ஆகிய மூன்றும் அலுமினியத்தை அரிக்கும்.

மூன்று, ஒன்று, இரண்டு

பெட்டியை ஆறு பங்காகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் மூன்று பங்கு சோறு அல்லது இட்லி, சப்பாத்தி போன்ற தானிய உணவு. ஒரு பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. மீதி இரண்டு பங்கு காய்கறி. ஜப்பானில் 3:1:2 என்று சொல்லிக்கொடுக்கப்படும் விகிதம் இதுதான். நம் நாட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு 400 கிராம் காய்கறியும் 85 கிராம் பருப்பு, பயறு வகைகளும் வேண்டும் என்கிறது. மதிய டப்பாவில் காய்கறிக்கு ஓர் ஓரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, இரவு ஒரே வேளையில் அந்த 400 கிராமை எட்டுவது எந்த வீட்டிலும் நடக்காது.

600 மி.லி. டப்பாவில் பாதி என்றால் 300 மி.லி. சோறு. இதற்கு அரை ஆழாக்கு அரிசிக்குச் சற்று மேல் போட்டால் போதும். நிறுத்துப் பார்த்தால் 85 கிராம் வரும். ஒரு பங்கு புரதம் என்பது 100 மி.லி.; ஒரு சிறு கிண்ணம் சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பங்கு காய்கறி ஏறத்தாழ 120 முதல் 150 கிராம் வரை எடை வரும். முதல் நாள் இந்த அளவில் கட்டும்போது சோறு மிகக் குறைவாக இருப்பதாகவே தோன்றும். பிள்ளை பசியோடு வருவாளோ என்று எனக்கும் மனம் அடித்துக்கொண்டது. சுண்டலும் பொரியலும் அந்த இடத்தை நிரப்பியபோது, மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவுடன் பிஸ்கட் டப்பாவைத் தேடும் வழக்கம் ஒரு மாதத்துக்குள் அவளிடம் குறைந்துவிட்டது.

செலவு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

பெந்தோ என்றதும் படங்களில் காணும் சீஸ் துண்டுகளையும் இறக்குமதிப் பழங்களையும் நினைத்து இது வசதி உள்ளவர்களின் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் பெட்டியின் விலையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அந்த ஒரு பங்கு புரதம்தான். 30 கிராம் கொண்டைக்கடலையிலும் ஒரு முட்டையிலும் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் அந்த 30 கிராமுக்கு ஆவது 3 ரூபாய். முட்டைக்கு ஆறேழு ரூபாய். 200 கிராம் பனீர் பொட்டலம் 90 ரூபாய் என்றால், அதே 6 கிராம் புரதத்துக்கு 15 ரூபாய் ஆகிவிடும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை ஆகியவற்றை மாற்றி மாற்றி வாரத்தில் மூன்று நாளும், முட்டையை இரண்டு நாளும் வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியின் செலவு கையை மீறாது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன, அரிசிக்கு விலையே இல்லை. அந்த அரிசியை இட்லி மாவுக்கும் அடைக்கும் உப்புமா ரவைக்கும் நன்றாகவே பயன்படுத்தலாம்.

காய்கறியைப் பொறுத்தவரை, இன்ன காய் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகக் கூடாது. சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதைக் கொண்டு பெட்டியைத் திட்டமிட வேண்டும். தை, மாசியில் அவரையும் மொச்சையும் பச்சைப்பட்டாணியும் முட்டைக்கோஸும் மலியும். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் பீன்ஸும் கேரட்டும் விலை ஏறும். அந்த வாரம் கொத்தவரை, கோவைக்காய், வாழைக்காய் பக்கம் திரும்பிவிட வேண்டும். 1999இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இன்று பல ஊர்களிலும் இருக்கிறது. அங்கே அன்றாட விலையைப் பலகையில் எழுதிவைப்பதால், வாசலிலேயே நின்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடலாம். முருங்கைக்கீரை தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

ஒரு பெட்டிக்குக் கணக்கெழுதிப் பார்த்தால் இப்படி வரும். கிலோ 60 ரூபாய் அரிசியில் 85 கிராமுக்கு 5 ரூபாய், கடலைக்கு 3 ரூபாய், கிலோ 50 ரூபாய்க் காயில் 150 கிராமுக்கு ஏழரை ரூபாய், எண்ணெய்க்கும் தாளிப்புக்கும் 5 ரூபாய், ஒரு வாழைப்பழம் அல்லது அரைக் கொய்யாவுக்கு 6 ரூபாய். எல்லாம் சேர்ந்து 27 ரூபாய்க்குள் முடிகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பணம் கசிகிறது என்பது தெளிவாகத் தெரியும். எங்கள் வீட்டில் அது வாரக் கடைசியில் வாடிப்போய்க் குப்பைக்குப் போன காய்கறியில் கசிந்தது. அதனால் இப்போது வாரத்துக்கு இருமுறை, குறைவாக வாங்குகிறேன்.

ஈரம்தான் பகை

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் கட்டிய உணவு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். காலை ஏழேகாலுக்கு மூடும் டப்பா மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது. அந்த ஐந்தே கால் மணி நேரமும் அது வெயில் ஏறும் பள்ளி வேனிலும் காற்றில்லாத புத்தகப் பைக்குள்ளும் இருக்கிறது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் பெருகும். இளஞ்சூட்டில் மூடிய ஈரமான டப்பா அவற்றுக்கு மிகவும் ஏற்ற இடம்.

ஆகவே, ஆறவைத்துக் கட்டுவதானால் முழுவதும் ஆறவைக்க வேண்டும். சூடாகக் கட்டுவதானால் வெப்பம் காக்கும் பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, ஆவி பறக்கும் உணவை வைத்து உடனே மூட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்தானது. வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, கால் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கையின் புறத்தைச் சோற்றின் மேல் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கூட இல்லாமல் இருந்தால் கட்டலாம். மூடுவதற்கு முன் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அவசரத்தில் சூட்டோடு மூடிய டப்பாவை அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், மூடியின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதையும், அது சொட்டிய இடங்களில் சோறு குழைந்திருப்பதையும் காணலாம். நாற்றம் தொடங்குவது அந்த இடங்களிலிருந்துதான்.

முந்தைய இரவின் சோற்றைச் சூடாக்கி மதியத்துக்குக் கட்ட வேண்டாம். சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியே கிடந்த சோற்றில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சோறு மட்டுமாவது அன்று காலை வடித்ததாக இருக்கட்டும். சுண்டலுக்கான கடலையை முந்தைய இரவே வேகவைத்து, ஆறியதும் தண்ணீரை வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் ஆவி வரும்வரை வதக்கித் தாளித்துக்கொள்ளலாம். முளைகட்டிய பயறைப் பச்சையாக வைக்காமல் ஐந்து நிமிடமாவது ஆவியில் வேகவைத்துவிடுங்கள், ஏனெனில் முளைவிடும் ஈரச்சூட்டில் பயறோடு சேர்ந்து கிருமியும் வளர்கிறது.

தேங்காய் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் மகள் ஆசைப்பட்டுக் கேட்டாளே என்று தேங்காய் சாதம் கட்டி அனுப்பினேன். மாலையில் டப்பாவைத் திறந்தபோது சோற்றைக் கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. பிள்ளை அன்று மதியம் வாழைப்பழம் ஒன்றை மட்டும் தின்றுவிட்டு இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து பங்குனி முதல் ஆனி வரை டப்பாவில் தேங்காய்த்துருவல் சேர்ப்பதில்லை. பொரியலுக்கு வறுத்த நிலக்கடலைப் பொடியையோ பொட்டுக்கடலைப் பொடியையோ தூவுகிறேன். இவை சுவையும் புரதமும் சேர்ப்பதோடு பொரியலில் ஊறும் நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஜப்பானியர் இதே வேலைக்கு அரைத்த எள்ளைப் பயன்படுத்துகிறார்கள்.

காய்களில் பீன்ஸ், அவரை, கொத்தவரை, கோவைக்காய், வாழைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவை டப்பாவில் உலர்ந்து நிற்கும். சுரை, பீர்க்கு, பூசணி மூன்றும் நீர்விடும் என்பதால் அவற்றை வீட்டில் சாப்பிடும் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளரியை உப்புத் தூவாமல் விரல் நீளத் துண்டுகளாக வையுங்கள். உப்புப் பட்டால் பத்து நிமிடத்தில் நீர் கசியும்.

தயிர் சாதம் இதற்கெல்லாம் விதிவிலக்கு. ஒரு கிண்ணம் குழைந்த சோற்றில் அரைக் கிண்ணம் காய்ச்சி ஆறிய பாலும் ஒரு மேசைக்கரண்டி தயிரும் சேர்த்துப் பிசைந்தால், அது டப்பாவுக்குள்ளேயே உறைந்து மதியம் புளிக்காமல் இருக்கும். பச்சை வெங்காயத்தைச் சேர்க்காதீர்கள். அதன் வாடை தயிரில் ஏறிவிடும்.

அடுக்கும் வரிசை

முதலில் சோற்றை ஒரு பக்கமாக வைத்து, கரண்டியின் முதுகால் லேசாக அழுத்திச் சரிவாக நிறுத்துங்கள். அடுத்து புரதம், அதன்பின் காய்கறி, கடைசியாக இடைவெளி எங்கே தெரிகிறதோ அங்கே கேரட் துண்டு, வேகவைத்த நிலக்கடலை, திராட்சை என்று எதையாவது செருகுங்கள். இடைவெளி இருந்தால் பை குலுங்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பீட்ரூட்டின் சிவப்பு தயிர் சாதத்தில் ஓடியதற்காகவே டப்பாவைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டுவதானால் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுக் கடலையைத் தவிர்த்துவிடுங்கள்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறமும் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். நமக்கும் இது கடினமானதன்று. கேரட், மஞ்சள் தூவிய சோறு, பீன்ஸ், முட்டையின் வெள்ளை, கறுப்பு எள்ளோ கறுப்புக் கொண்டைக்கடலையோ வைத்தாலே ஐந்தும் வந்துவிடும். அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு உதிரும். தையல் நூலை அதன் இடுப்பில் சுற்றி இழுத்தால் சீராக இரண்டாகும். முட்டையை வேகவைக்கும்போது கரு இறுகும்வரை முழுதாக வேகவிடுங்கள்.

ஒரு வாரம் எப்படி ஓடுகிறது

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மீதி ஐந்து காலைகளும் எளிதாகும். இட்லி மாவை ஆட்டிவைப்பது, நிலக்கடலைப் பொடியும் இட்லிப்பொடியும் அரைப்பது, இரண்டு நாளுக்குக் காய் நறுக்கிவைப்பது ஆகியவைதான் அந்த ஒரு மணி நேர வேலை. திங்கட்கிழமை நல்லெண்ணெயும் பொடியும் தடவிய சிற்றிட்லி, கடலைச் சுண்டல், கேரட் பீன்ஸ் பொரியல். பொடி தடவிய இட்லி மதியம் வரை மெத்தென்று இருக்கும், தோசை வறண்டுவிடும். செவ்வாய்க்கிழமை எலுமிச்சை சாதமும் முட்டையும் முட்டைக்கோஸும். அதே சமையலில் முருங்கைக்கீரையும் இருந்தால் மேலும் நல்லது, ஏனெனில் எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது.

புதன்கிழமைக்கு எங்கள் வீட்டில் உப்புமா கொழுக்கட்டை. ஜப்பானியர் ஒட்டும் தன்மையுள்ள அரிசியைக் கையால் அழுத்தி ஒனிகிரி என்ற சோற்று உருண்டை பிடிக்கிறார்கள். நம் புழுங்கலரிசிச் சோறு உதிரியாக நிற்பதால் அப்படிப் பிடிக்க வராது. அதற்கு ஈடாக நம்மிடம் கொழுக்கட்டை இருக்கும்போது ஏங்க வேண்டியதில்லை. ஒரு ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்குத் துவரம்பருப்புச் சேர்த்து ரவையாக உடைத்து, கடுகு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து இரண்டரை மடங்கு தண்ணீரில் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்தால், ஸ்பூன் இல்லாமலே பிள்ளைகள் எடுத்துச் சாப்பிடும் உணவு தயார். துருவிய கேரட்டையும் பொடியாக நறுக்கிய பீன்ஸையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

வியாழன், வெள்ளிக்கு நான் எதையும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் மிஞ்சியிருக்கும் காயைப் பொறுத்துக் குழிப்பணியாரமோ, சப்பாத்திச் சுருளோ, தயிர் சாதமோ அமையும். புளிக்கத் தொடங்கிய மாவில் முட்டை ஒன்றை அடித்து ஊற்றி, வெங்காயமும் கீரையும் சேர்த்துப் பணியாரமாக ஊற்றினால் தானியம், புரதம், காய் மூன்றும் ஒரே உருண்டைக்குள் வந்துவிடும்.

மாலையில் டப்பா திரும்பி வந்ததும் கழுவப்போடும் முன் திறந்து பாருங்கள். கொத்தவரை மூன்று நாள் தொடர்ந்து அப்படியே திரும்பி வந்தால் பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை; அடுத்த முறை அதைப் பருப்பு உசிலியாகச் செய்துபாருங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியின் தாளில், மிஞ்சி வந்ததை மட்டும் பென்சிலால் குறித்துவைக்கிறேன். மறுவாரம் காய் வாங்கும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். பிறகு மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் பள்ளத்தில் தங்கியிருக்கும் மஞ்சள் கறையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, டப்பாவையும் வளையத்தையும் தனித்தனியாக இரவு முழுவதும் கவிழ்த்துக் காயவிடுங்கள்.